பாய்மரத்துக்குள் தண்ணீர்

அந்தப் படகை முதன்முதலாகத் தூக்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. லொறியிலிருந்து இறக்க நாலு பேராவது வேண்டும் என்று நினைத்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து மூன்று ஆட்களைக் கையோடு கூட்டிப் போயிருந்தேன். முன்பக்கம் நான் பிடித்தேன், பின்பக்கம் ஒருவன் பிடித்தான், படகு தரைக்கு வந்துவிட்டது. மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். கொழுந்து உருட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைக்கு, கனம் இல்லாத எதுவும் ஏமாற்று வேலையாகத்தான் படும். இதற்குப் படகு என்று பெயரா, சோப்புப் பெட்டி என்றேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் தொழிற்சாலையை மூடி, கொழுந்தை லொறியில் ஏற்றித் தலவாக்கலைப் பக்கம் அனுப்ப ஆரம்பித்த பிறகு நான் கொஞ்ச காலம் சும்மா இருந்தேன். நீர்த்தேக்கக் கரையில் இருந்த பழைய துரை பங்களாவைக் கொழும்புக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றினார். சின்ன வயதில் கடலில் படகுப் பந்தயம் ஓடியவராம். நாங்கள் அவரை சேர் என்று கூப்பிடுவோம். சிங்களவர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார், ஆனால் பேசாமல் விடமாட்டார். அவர் மூன்று பந்தயப் படகுகள் வாங்கினார். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று தேடியபோது, அவரிடம் என்னைப் பற்றிச் சொன்னவள் என் அக்கா மகள். அவள் அங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள்.

அக்கா மகள் என்று சொல்கிறேனே தவிர, ஒன்பது வயதிலிருந்து அவள் என் வீட்டுப் பிள்ளை. எனக்கும் என் மனைவிக்கும் வேறு பிள்ளை இல்லை. அவள் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் படகைப் பற்றிப் பேச முடியாது.

முதல் வாரம் நான் படகைச் சுற்றிச் சுற்றி வந்து குறை கண்டுபிடித்தேன். ஒருவர் மட்டும் ஓட்டும் படகு அது. உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. ஓட்டுகிறவர் விளிம்பில் அமர்ந்து, தளத்தில் நீளவாக்கில் கட்டியிருக்கும் ஒரு பட்டிக்குள் இரண்டு பாதங்களையும் செருகிக்கொண்டு, இடுப்புக்கு மேல் முழு உடம்பையும் தண்ணீர்மேல் வெளியே சாய்க்க வேண்டும். காற்று பாயை ஒரு பக்கம் தள்ளும்போது, மனிதக் கனம் அதை மறுபக்கம் இழுத்துச் சமன் செய்யும். அதாவது ஓட்டுகிறவரே படகின் ஒரு பாகம். இதை சேர் சொன்னபோது, ஆளை வைத்து ஆட்டத்தை நிறுத்துகிற இயந்திரத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை என்று நினைத்தேன். சரி சேர் என்று தலையாட்டினேன். வேலை புதிது.

நடுவில் ஒரு பிளவு இருந்தது. அதன் வழியாக அடிப்பலகை என்ற ஒரு பலகையைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். முன்விளிம்பு உருண்டிருக்கும், பின்விளிம்பு கத்தியைப் போல் மெலிந்திருக்கும். அது இல்லையென்றால் காற்று படகை நண்டு மாதிரி பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். அதில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் சேர் அதைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நான் அதை மணல்தாளில் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடி போல ஆக்கித் தருவேன். அந்த ஒரு வேலையில் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போனது.

பாய்மரம் என்கிறோமே தவிர அது மரமில்லை, அலுமினியக் குழாய். இரண்டு துண்டு. அடித்துண்டு தடிப்பு, மேல்துண்டு மெலிவு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். தலையணைக்கு உறை போடுவதுபோல் பாயை மேலிருந்து அதில் மாட்டுவார்கள். பிடித்து நிறுத்த ஒரு கம்பி கிடையாது. படகின் தளத்தில் ஒரு குழி, அதில் அப்படியே நட்டுவிட வேண்டியதுதான். பலத்த காற்று அடித்தால் மேல்துண்டு மூங்கில் போல வளையும். நான் பதறிப்போய் சேரிடம் ஓடினேன். வளையத்தான் வேண்டும், வளைந்தால்தான் அதிகப்படியான காற்றைப் பாய் வெளியே விடும் என்றார். பாயில் சிவப்பு நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. இரண்டு பக்க நூலும் சேர்ந்து பின்னால் பறந்தால் பாய் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். இத்தனை இலட்சம் போட்டு வாங்கிய படகுக்கு, காற்றைக் காட்ட நூல்தானா என்று என் மனைவி கேட்டாள்.

அந்தப் படகிலேயே எனக்கு உடனே பிடித்துப்போனது ஒன்றுதான். படகின் உடம்பு உள்ளே வெற்றிடம், காற்று அடைத்த பெட்டி. எவ்வளவுதான் கவனமாக இருந்தாலும் அதற்குள் கொஞ்சம் தண்ணீர் கசிந்துவிடும். அதற்காகப் பின்பக்கம் சுக்கானுக்குக் கீழே ஒரு சின்ன மூடி வைத்திருந்தார்கள். கரைக்கு வந்ததும் அதைத் திருகிக் கழற்றி, படகைச் சாய்த்தால் தண்ணீர் வடிந்துவிடும். மறுபடி இறக்கும்முன் மூடியை இறுக்கிவிட வேண்டும். இதைச் செய்தவன் புத்திசாலி என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். தண்ணீருக்குப் போக வழி வைத்திருக்கிறான்.

சேர் அன்று என்னிடம் ஒன்று சொன்னார். பந்தயப் படகில் தேவையில்லாதது எதுவும் இருக்காது, இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரியாவிட்டால் கை வைக்க வேண்டாம், தன்னிடம் கேட்க வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவனிடம் சொல்கிற பேச்சா அது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலைச்சரிவில் பெய்கிற மழை மண்ணுக்குள் தேங்காமல் வழிந்தோட வெட்டிவிடும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்போம். என் அப்பா கான் வெட்டுகிற வேலைக்காரர். எந்தச் சரிவில் தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே தங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அவர் காலத்தில் அதற்கென்று தனியாக ஆட்கள் இருந்தார்கள். பிறகு தோட்டத்தில் ஆட்கள் குறைந்துபோய், கொழுந்து எடுக்கவே ஆள் போதாதபோது, கானைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? லயத்துக்கு மேலே இருக்கும் கானை அந்தந்த லயத்துக்காரர்கள்தான் வெட்டிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றாகிவிட்டது.

அக்கா கீழ்ப்பக்க லயத்தில் இருந்தாள். அத்தான் கொழும்பில் கடை வேலைக்குப் போனவர் போனவர்தான். ஒரு தகவலும் இல்லை. அவளும் மகளும் மட்டும். அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டபோது, லயத்துக்கு மேலே கான் மண் மூடிக் கிடக்கிறது, தண்ணீர் நிற்கிறது, வந்து வெட்டிவிடு தம்பி என்று என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. நான் தோட்டத்துப் பொடியன்களோடு உட்கார்ந்து கேரம் விளையாடிக்கொண்டிருந்தேன். பிறகு இருட்டிவிட்டது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த லயத்தின் பின்னால் மண் சரிந்தது. மழை என்று வேலைக்குப் போகாமல் அக்கா வீட்டில் இருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மலையின் மேல்பக்கத்திலேயே நீளமாக வெடித்திருக்கிறது, ஒரு கானால் அதைத் தடுத்திருக்க முடியாது என்று சொன்னார்கள். அவர்கள் படித்தவர்கள், பொய் சொல்ல அவர்களுக்குக் காரணமும் இல்லை. ஆனால் அவர்கள் அந்தக் கானை மண் மூடிக் கிடந்தபோது பார்க்கவில்லை. அக்கா என்னிடம் சொன்னதும் நான் போகாததும் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பள்ளிக்கூடச் சீருடையோடு அந்தப் பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒருநாள் இவளுக்கு இது தெரிந்தால் என் முகத்தில் முழிப்பாளா என்ற பயம் அன்றைக்கு எனக்குள் புகுந்ததுதான். பதின்மூன்று வருடமாக அது போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கே தண்ணீர் தேங்கி நின்றாலும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பூச்சட்டி, பழைய டயர், கூரைத் தகரத்தின் மடிப்பு, பக்கத்து வீட்டு வாசல், எங்கே கண்டாலும் ஒரு வழி வெட்டிவிடுவேன். என் மனைவி கேலி செய்வாள். "இந்த மனுசன உட்டா தேத்தண்ணிக் கோப்பையிலயும் ஓட்ட போடுவாரு" என்று விருந்தாளிகளிடம் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சேர் அந்தப் பிள்ளைக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்தில் நீச்சல் தெரிந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். வீட்டில் நான் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை பிடித்தேன், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவள் என்னைக் கெஞ்சவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. விடுதியின் நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டு வந்து, நீந்தத் தெரியும் மாமா என்றாள்.

ஆறு மாதத்தில் அவள் படகில் உட்காரும் விதமே மாறிவிட்டது. உடம்பைத் தண்ணீர்மேல் முழுதாகச் சாய்த்து, தலைமுடி அலையைத் தொட, கண் மட்டும் அந்தச் சிவப்பு நூலில் இருக்கும். கரையில் நின்று பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். பெருமையாகவும் இருக்கும், அதை மறைக்க விருப்பமில்லை. சேர் தன் பழைய கூட்டாளிகளை வரவழைத்து எங்கள் நீர்த்தேக்கத்தில் ஒரு பந்தயம் வைக்கப்போவதாகவும், அதில் அவளும் ஓடுவாள் என்றும் சொன்னார். நன்றாக ஓடினால் கடற்கரைப் பக்கம் பயிற்சியாளர் வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

வைகாசியில் மழை தொடங்கியது. படகுகளைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்தோம். பாய்மரங்களை வைக்கக் கொட்டகைக்குள் இடம் போதாமல், அவற்றை வெளியே கூரையோரம் தாங்கி மேல் கிடத்தியிருந்தேன். ஒருநாள் காலையில், அவள் ஓட்டும் படகின் பாய்மரத்து மேல்துண்டை எடுத்து நிமிர்த்தினேன். உள்ளே தண்ணீர் சளசளவென்று ஓடியது. சாய்த்தேன், மறுபடி ஓடியது. இரண்டு முனைகளையும் பார்த்தேன். இரண்டும் அடைத்திருந்தன. எங்கேயோ ஒரு மயிரிழை இடைவெளியில் மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போனது வெளியே வர வழி இல்லை.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அடைபட்ட தண்ணீர் அரிக்கும், கனக்கும், ஒருநாள் உடைத்துக்கொண்டு வரும். படகின் உடம்புக்கு மூடி வைத்த புத்திசாலி, பாய்மரத்துக்கு வைக்க மறந்துவிட்டான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. துளைபோடும் இயந்திரத்தை எடுத்து, கீழ்முனைக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டேன். பால் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் பால் வராது, இரண்டாவது ஓட்டை போட்டால்தான் வரும் என்பது தெரியாதா? மேல்முனைக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டேன். தண்ணீர் நூல் போல வடிந்து முடிந்தது. துளைகளின் விளிம்பை அரத்தால் சுத்தமாக உரசிவிட்டேன். பாய் உறை மூடிவிடும், வெளியே தெரியாது. சேரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு காரணம் சொல்வார், நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அன்று வீட்டுக்குப் போகும்போது மனம் நிறைந்திருந்தது.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு பந்தயம். கொழும்பிலிருந்து எட்டுப் படகுகள் வந்தன, எங்களுடையதோடு பதினொன்று. தோட்டமே கரையில் நின்றது. கொழுந்து எடுக்கும் பெண்கள் குடையோடு வந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கினிகத்தேனைப் பக்கமிருந்து மலை இடுக்கு வழியாக வரும் காற்று அன்று விட்டுவிட்டு, ஓங்கி ஓங்கி அடித்தது. நான் படகு இறக்கும் சரிவில் நின்றேன். பின்பக்க மூடியை நானே இறுக்கினேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

முதல் சுற்றில் நாலாவதாக வந்தாள். இரண்டாவது சுற்றில் எல்லை காட்டும் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஒரு காற்று வந்து பாயைத் தட்டியது, படகு சாய்ந்து படுத்தது. கரையில் இருந்தவர்கள் ஐயோ என்றார்கள். நான் பயப்படவில்லை. இந்தப் படகுகள் கவிழ்வது சாதாரணம். கவிழ்ந்தால் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும், பாய்மரம் தண்ணீர்மேல் மிதக்கும். ஓட்டுகிறவர் அடிப்பலகைமேல் ஏறி நின்று விளிம்பைப் பிடித்து இழுத்தால் படகு எழுந்துவிடும். அவள் அப்படி எழுப்பியதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் மனைவியிடம், பயப்படாதே, இப்போது எழுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாய்மரத்தின் நுனி மிதக்கவில்லை. மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. பாயும் பின்னாலேயே இறங்கியது. படகு முழுதாகப் புரண்டு, வெள்ளை வயிறு மேலே வந்தது. அடிப்பலகை மட்டும் நெட்டுக்குத்தாக நின்றது. அவளைக் காணவில்லை.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நெஞ்சளவு தண்ணீர்வரை நடந்துவிட்டேனாம். சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். எவ்வளவு நேரம் ஆனது என்றும் தெரியாது. ஒரு நிமிடம்கூட இருக்காது என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். பந்தயத்துக்குக் காவலாக இயந்திரப் படகில் இருந்த சேர் கத்தியோடு தண்ணீரில் குதித்ததைப் பார்த்தேன். பிறகு இரண்டு தலை வெளியே வந்தது. ஒன்று இருமிக்கொண்டே இருந்தது.

படகு புரண்டபோது, பாயை இழுக்கும் கயிறு அவளுடைய கணுக்காலில் சுற்றிக்கொண்டது. மிதவைச் சட்டை அவளைத் தூக்கிக் கவிழ்ந்த தளத்தோடு சேர்த்து அமுக்கியிருக்கிறது. கீழே போகவும் முடியாது, மேலே வரவும் முடியாது. உள்ளங்கை அளவு காற்று இருந்த இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அத்தையிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் படகை நிமிர்த்த மூன்று பேர் பாடுபட்டார்கள். கரைக்கு இழுத்து வந்து பாய்மரத்தைக் கழற்றி, பாயை உருவியபோது, இரண்டு துளைகளிலிருந்தும் தண்ணீர் கோடாக ஊற்றியது. சேர் ஒரு துளையில் விரலை வைத்தார். எல்லோரையும் பார்த்தார். யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

நான்தான் சேர் என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். குளிரில் பல் கிட்ட, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். பாய்மரத்தின் இரண்டு முனையும் அடைத்திருப்பது மறதியில்லை, அதற்குள் இருக்கும் காற்றுதான் கவிழ்ந்த படகைப் புரளவிடாமல் தாங்குகிறது. உள்ளே தண்ணீர் கேட்டால் அடைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை எடுத்துவிட்டு அடைப்பைச் சரிசெய்ய வேண்டும். "நீங்க தண்ணி போக ரோட் போட்டது. தண்ணி அதே ரோட்ல வந்தது" என்றார். மூன்று நாள் வீட்டில் இருங்கள், பிறகு வாருங்கள் என்றார். சால்வையைப் போர்த்திக்கொண்டு சிமெந்துத் திண்டில் உட்கார்ந்திருந்த அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று நாளும் அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். அத்தையோடு பேசினாள். என்னோடு, சோறு போடவா, தண்ணி வேணுமா, அவ்வளவுதான். கணுக்காலில் கயிறு அறுத்த கோடு சிவந்து கிடந்தது. அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன், கோபம் நியாயமானது. என் பயம் வேறு. ஏன் செய்தீர்கள் என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வது? அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது கீழ்லயத்து மண்ணுக்கு அடியில் கிடந்தது.

நாலாம் நாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது, எனக்கு முன்னாலேயே அவள் அங்கே இருந்தாள். பாய்மரத்தின் மேல்துண்டை இரண்டு முக்காலிகள்மேல் கிடத்தியிருந்தாள். பக்கத்தில் சேர் வாங்கிக்கொடுத்த பசையும் மணல்தாளும் இருந்தன. நான் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மாமா யார்கிட்டயும் கேக்காம செஞ்சீங்க?"

நான் மணல்தாளை எடுத்துத் துளையைச் சுற்றித் தேய்த்தேன். பிறகு தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னேன். நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"ஒங்க அம்மா கான வெட்டி உடச் சொன்னா புள்ள. லயத்துக்கு மேல. ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொன்னேன். போகல. கேரம் வெளயாடிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும் மாமா" என்றாள்.

என் கை நின்றுவிட்டது.

"அன்னைக்குக் காலையில அம்மா ஒங்கள ஏசிக்கிட்டேதான் எனக்குத் தல சீவி உட்டாங்க. கோவத்துல ஒரு சட மேல, ஒரு சட கீழ வந்துருச்சு. அதோடதான் நான் பள்ளிக்கொடம் போனேன்."

எனக்கு அந்தச் சடை நினைவிருந்தது. அன்று சாயங்காலம் அவளைக் கூட்டி வந்தபோது, அழுது கலைந்திருக்கிறது என்று நினைத்து, என் மனைவி அதை அவிழ்த்துப் புதிதாகப் பின்னிவிட்டாள். ஒன்பது வயதில் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படியேறியிருக்கிறது. என் தட்டில் சாப்பிட்டிருக்கிறது. காய்ச்சல் வந்தபோது என் மடியில் படுத்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று நான் பதுங்கித் திரிந்ததை இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க வெக்கப்பட்டு எங்கிட்டப் பேசாமப் போயிருவீங்கன்னு பயந்தேன். எனக்கு வேற யாரு மாமா இருந்தா?"

பதின்மூன்று வருடம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பயத்தோடு இருந்திருக்கிறோம். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. பசை டப்பாவைத் திறந்து கலக்க ஆரம்பித்தாள். அது சீக்கிரம் இறுகிவிடும், நேரம் கடத்தக்கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் ஒரு துளையை அடைத்தேன், அவள் மற்றதை அடைத்தாள். முனை அடைப்புகள் இரண்டையும் கழற்றி, துடைத்து, புதிதாகப் பசை வைத்துப் பொருத்தினோம். அடுத்த ஞாயிறு கீழ்லயம் இருந்த இடத்துக்கு மேலே போகலாம் என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானும் வருகிறேன் என்றாள்.

மறுநாள் பசை இறுகியிருந்தது. சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதுபோல்தான் இதையும் பார்க்க வேண்டும். பாய்மரத்தைத் தோளில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. காற்சட்டையைச் சுருட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று அதை அமுக்கினோம். உள்ளே அடைத்திருந்த காற்று அதை மேலேயே தள்ளியது. நான் அமுக்க அமுக்க அது என் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. இருவரும் குனிந்து, துளை இருந்த இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

போதும் மாமா, உடுங்க என்றாள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.